வம்சமா, மேய்ச்சலா? சினை பிடிக்காத மாடுகளோடு மலையில் பட்ட பாடு

கூடலூரிலிருந்து:

எங்கள் வீட்டு மாடுகள் பாலுக்கு இல்லை, கன்றுக்கு. காளைக் கன்றுகளை வளர்த்து, நாடுகாணி வழியாக வரும் வியாபாரிகளிடம் கறிக்குக் கொடுப்பதுதான் வரும்படி. பால் குறைந்த மாட்டோடு காலம் தள்ளிவிடலாம். சினை நிற்காத மாட்டை எத்தனை நாள் கட்டி வைத்துத் தீனி போடுவது? கணக்கு சின்னதுதான். சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். வருசத்துக்கு ஒரு கன்று வேண்டுமென்றால் ஈன்ற 80, 85 நாளுக்குள் மறுபடி சினை நிற்க வேண்டும். எங்கள் பட்டியில் பல மாடுகள் அந்தக் கெடுவைத் தாண்டித்தான் பருவத்துக்கே, அதாவது காளைக்குச் சேரும் நிலைக்கே, வருகின்றன.

ஊரில் யாரைக் கேட்டாலும் "வம்சம் சரியில்லை, காளையை மாத்து" என்கிறார்கள். எனக்கு அது முழுசாக ஒப்பவில்லை. ஒரே தாய்க்கும் ஒரே காளைக்கும் பிறந்த இரண்டு கிடாரிகள். ஒன்று எங்களிடம் இருக்கிறது, இன்னொன்று தேவர்சோலையில் அக்கா வீட்டில். அக்கா வீட்டு மாடு வருசம் தவறாமல் ஈனுகிறது. அங்கே தவிட்டுத் தண்ணீர், தாது உப்பு, தோட்டத்தில் அறுத்த பச்சைப் புல் எல்லாம் உண்டு. எங்களுடையது மேய்ச்சலை மட்டும் நம்பி இருப்பது. கோடையில் விலா எலும்பை எண்ணிவிடலாம். ஆனி, ஆடி மழையில் புல் தழைத்து உடம்பு தேறின பிறகுதான் பருவத்துக்கு வந்து கத்தத் தொடங்கும். ரத்தம் ஒன்று, புல்தான் வேறு. உங்கள் பக்கம் எப்படி? நடந்ததை எழுதுங்கள்.

கொடைக்கானல் மேல்மலை, கவுஞ்சியிலிருந்து:

அண்ணா, எங்கள் கதை கொஞ்சம் வேறு. கீழே இருந்து வாங்கி வந்த ஃப்ரீசியன் (சீமைப் பால் மாட்டு இனம்) கலப்பு ஒன்று. வாங்கும்போது நல்ல வம்சம் என்று தாய், பாட்டி வரை சொன்னார்கள். மார்கழி, தையில் உறைபனி விழும் காலத்தில் அது பருவத்துக்கு வந்ததாகவே தெரியவில்லை. மலடு என்று முடிவு கட்டி விற்கவும் பேசிவிட்டார் அப்பா. பாட்டிதான் விடியலில் போய் வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ராத்திரி வந்து போயிருக்குடா" என்றார். கண்ணாடி போல வழும்பு வழிந்து, வால் மயிரில் காய்ந்து ஒட்டியிருந்தது. பருவம் ஒரு நாள்கூட முழுசாக நிற்பதில்லை. அதுவும் இரவில் வந்தால், குளிருக்குக் கம்பளிக்குள் கிடக்கிற நமக்கு எங்கே தெரியும்?

அடுத்தது 21 நாள் கழித்து வந்தது. காலையில் பார்த்தால் சாயங்காலம் சினை ஊசி (காளை விந்தைச் செலுத்துவது) போட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஊசி போடுபவர் வந்து சேர்ந்தது மறுநாள் மத்தியானம். சினை நிற்கவில்லை. இதை எந்த மரபணுவின் கணக்கில் எழுதுவது, சொல்லுங்கள்!

இன்னொன்றும் கவனித்தேன். கன்றை நாள் முழுக்க மடியிலேயே விட்டு வைத்த மாடுகள் பருவத்துக்கு வர ரொம்ப நாள் எடுத்தன. காலையும் மாலையும் மட்டும் ஊட்டவிட்டு, மற்ற நேரம் தள்ளிக் கட்டினால் சீக்கிரம் வந்தன.

கோத்தகிரியிலிருந்து:

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கறி மாட்டுப் பண்ணையில் சில வருசம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். நீங்கள் இருவரும் எழுதியதை அங்கே ஆயிரக்கணக்கான மாடுகளில் பார்த்திருக்கிறேன்.

அங்கே வடக்குப் பக்கம் பிராமன் மாடுகள் அதிகம். நம் ஓங்கோல், கிர், காங்கிரேஜ் எல்லாம் அமெரிக்கா போய்க் கலந்து உருவான இனம். வெயிலையும் உண்ணியையும் தாங்கும். ஆனால் தலையீத்துக் கிடாரி கன்றுக்குப் பால் கொடுக்கும் காலத்தில் பருவத்துக்கு வராமல் இழுத்தடிக்கும். மண்ணில் பாஸ்பரஸ் குறைந்த நிலத்தில் இது இன்னும் மோசம். சரி, தீனிதான் காரணம் என்று விட்டுவிடலாமா? முடியாது. அதே மேய்ச்சலில் சில காளைகளின் மகள்கள் சீக்கிரம் பருவத்துக்குத் திரும்பும், சில காளைகளின் மகள்கள் திரும்பாது. இந்தக் குணம் கணிசமாக வம்சவழி வருவது என்று அங்கே ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் பொதுவாகப் பார்த்தால், ஒரு மாடு ஒரு தடவையில் சினை பிடிக்குமா என்பதில் மாட்டுக்கு மாடு தெரியும் வித்தியாசத்தில் பரம்பரையின் பங்கு பெரும்பாலும் 10 சதவீதத்துக்கும் கீழே. மிச்சமெல்லாம் தீனி, நோய், ஊசி போட்ட நேரம், பார்த்துக்கொள்கிற ஆள். கூடலூர் அண்ணாவின் இரண்டு கிடாரிகள் வேறு வேறாக நடந்துகொள்வதில் ஆச்சரியம் இல்லை. காளையின் விரைச் சுற்றளவு அப்படி இல்லை. அதில் பரம்பரையின் பங்கு 40 சதவீதத்துக்குப் பக்கம். சுற்றளவு பெரிய காளையின் மகள்கள் சீக்கிரம் பருவமடைவதும் உண்டு. அதனால்தான் அங்கே காளையின் கொம்பையும் திமிலையும் பார்த்து மயங்காமல் முதலில் நாடாவை எடுப்பார்கள்.

அமெரிக்காவில் ஒரு பழைய பரிசோதனை நடந்தது. குளிர்ப் பிரதேசமான மொன்டானாவில் உருவான ஹெர்ஃபோர்டு (கறி மாட்டு இனம்) கூட்டம் ஒன்று, வெக்கையான ஃப்ளோரிடாவில் உருவான ஹெர்ஃபோர்டு கூட்டம் ஒன்று. இரண்டிலிருந்தும் ஒரு பங்கை இடம் மாற்றினார்கள். இனம் ஒன்றுதான், ஆனாலும் அந்தந்த ஊர்க் கூட்டமே அந்தந்த ஊரில் நன்றாகப் பெருகியது. கவுஞ்சித் தம்பி, கீழே நல்ல வம்சம் என்று பேரெடுத்தது மேல்மலையிலும் நல்ல வம்சமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

இன்னும் ஒன்று. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் சினை மாடுகளுக்குக் கடைசி மூன்று மாதம் புரதத் தீனி கூட்டிக் கொடுத்தார்கள். அவற்றின் மகள்கள் வளர்ந்தபோது 93 சதவீதம் சினை பிடித்தன. கூடுதல் தீனி பெறாத தாய்களின் மகள்களில் அது 80 சதவீதம். பிறக்கும் முன்பே தாய் தின்றது மகளின் கருப்பை வரை போகிறது. இதை வம்சம் என்பதா, மேய்ச்சல் என்பதா?

ஊட்டியிலிருந்து:

எருமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோடர் எருமைகள் இந்தக் குளிருக்கும் புல்வெளிக்கும் பழகிய இனம். சீகை (வாட்டில்) மரமும் தைல மரமும் பைனும் நட்டுப் புல்வெளி சுருங்கியது, எருமைகளும் குறைந்தன. மந்தை சிறுத்தால் கிடா எங்கே கிடைக்கும்? சொந்தத்துக்குள்ளேயே சேர வேண்டியதுதான். உறவு நெருங்க நெருங்க முதலில் அடி வாங்குவது சினைதான். மேய்ச்சல் போனதால் ரத்தமும் கெடுகிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அப்புறம், புல் குறைந்த இடத்தில் பெரணி தின்னவிடாதீர்கள். ரத்த மூத்திரம் போகும், மாடு தேறாது.

கூடலூரிலிருந்து, மறுபடி:

எல்லாருக்கும் நன்றி. ஊட்டிக்காரர் எழுதியதைப் படித்ததும் ஒன்று உறைத்தது. எங்கள் தெருவில் எல்லார் வீட்டுக்கும் அந்த ஒரே காளைதான், அதன் மகள்களையும் அதற்கேதான் சேர்க்கிறோம். இந்தக் கோடைக்குச் சினை மாடுகளுக்கு மட்டுமாவது புண்ணாக்கும் தாது உப்பும் வாங்கிவிட வேண்டும். காளை விஷயம் ஊர் கூடித்தான் பேசணும். கோத்தகிரி அண்ணா, அந்தச் சுற்றளவு அளக்கிறது நம்ம காளைகிட்ட நடக்கிற காரியமா?

கோத்தகிரியிலிருந்து:

நடக்கும். பின்னாலிருந்துதான் அளக்கணும், கட்டுத்தறியை நம்பாதீர்கள். மாட்டை அசையாமல் நிறுத்தும் நெருக்குக் கூண்டுக்கு மரமும் பிடிக்க ஆளும் தயார் பண்ணுங்கள், நாடாவோடு நான் வருகிறேன்.