கடை போர்டு, ஷெட்டர் பற்றி வரைவு விதி வந்திருக்கிறது, ஆட்சேபம் எப்படி எழுதுவது? மும்பைக்காரர்கள் உதவுங்கள்

காபித்தூள் கடை:
வணக்கம். மாட்டுங்காவுக்கும் சயானுக்கும் நடுவில் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எங்கள் கடை. தாத்தா பகடி, அதாவது மொத்தமாக ஒரு தொகை, கொடுத்து வாடகைக்குப் பிடித்த இடம், காபிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கிறோம், அப்பாவுக்கு முழங்கால் வலி வந்ததிலிருந்து காலையில் ஷெட்டர் திறப்பது முதல் எல்லாம் நான்தான். போன வாரம் வியாபாரிகள் வாட்ஸ்அப் குழுவில் மராத்திப் பேப்பரில் வந்த ஒரு நோட்டீஸை யாரோ படம் எடுத்துப் போட்டார்கள். பாதி மடிப்பில் மறைந்துவிட்டது. எனக்குப் பேச்சு மராத்தி வரும், சர்க்கார் மராத்தி வராது. 'ஹர்கதி வ சூச்னா' என்பது மட்டும் புரிந்தது, அதாவது ஆட்சேபமும் ஆலோசனையும் கேட்கிறார்கள். எங்கள் தெருப் பக்கம் பழைய கட்டடங்களில் கடைமுகப்பு எப்படி இருக்க வேண்டும் என்று ஏதோ வரைவு: போர்டு உயரம், ஷெட்டர், வெளியே நீட்டும் ஷெட், ஓட்லா (கடை வாசல் திண்ணை) எல்லாம் அதில் வருகிறதாம்.

அப்பா கொதிக்கிறார். "மராத்தியில் எழுது என்றபோதுதான் போர்டை மாற்றினோம், திரும்பவும் மாற்றணுமா?" என்கிறார். நான் அவர் சொன்னதையெல்லாம் சேர்த்து நாலு பக்கம் தட்டச்சு செய்து, தேடிக் கண்டுபிடித்த ஒரு மெயில் முகவரிக்கு அனுப்பினேன். அது அப்படியே திரும்பி வந்துவிட்டது. குழுவில் ஒரே மாதிரி அச்சடித்த கடிதம் ஒன்று சுற்றுகிறது, கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்கிறார்கள். அதைப் போடுவதா, தனியாக எழுதுவதா? யாரிடம் கொடுப்பது? இதுவரை இந்த மாதிரி எதுவும் எழுதிப் பழக்கமில்லை.

தாராவி 90 அடி ரோடு:
கையெழுத்தைப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். நூறு கடை சேர்ந்தால்தான் பயப்படுவார்கள். தனியாக எழுதினால் நாளைக்கு உங்கள் கடையைத்தான் முதலில் அளக்க வருவார்கள்.

பழைய டிராஃப்ட்ஸ்மேன்:
தம்பி, ஃபோர்ட்டில் ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், முதலில் அந்த நோட்டீஸை முழுசாகத் தேடி எடு. பாதி மடிந்த படத்தை வைத்துக்கொண்டு நாலு பக்கம் எழுதினால் அது ஆட்சேபம் இல்லை, புலம்பல். நோட்டீஸில் நாலு விஷயம் பார்க்க வேண்டும். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, கெஸட்டில் வந்த தேதி, எத்தனை நாள், எந்த அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். நாள் கணக்கு அந்த நோட்டீஸில் சொன்ன தேதியிலிருந்து ஓடும், உனக்கு வாட்ஸ்அப்பில் வந்த நாளிலிருந்து இல்லை. பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

அச்சடித்த கடிதத்தில் கையெழுத்துப் போடுவதில் தப்பில்லை, சங்கத்துக்கு அது பலம். ஆனால் ஒரே வாசகம் இருநூறு தடவை வந்தால் ஃபைலில் அது ஒரே ஆட்சேபமாகத்தான் ஒரு வரியில் ஏறும். உன் கடைக்கென்று இருக்கிற சங்கடம் அதில் வராது. அதனால் இரண்டையும் செய்.

தாராவிக்காரர் பயமுறுத்துவதை நம்பாதே. வரைவுக்கு ஆட்சேபம் எழுதியவனைத் தேடி வந்து அளப்பதற்கு அங்கே யாருக்கும் நேரமில்லை.

காபித்தூள் கடை:
நன்றி அண்ணா. பக்கத்து மருந்துக்கடைக்காரர் அந்தப் பேப்பரையே வைத்திருந்தார், மராத்தி டீச்சர் ஒருவர் படித்துச் சொன்னார். 1966 ஆம் வருஷ மகாராஷ்டிர நகரமைப்புச் சட்டம், 37 ஆம் பிரிவு. ஒரு மாதம் அவகாசம், அதில் இன்னும் 11 நாள் பாக்கி. போர்டு கடைத் திறப்பின் அகலத்துக்குள் இருக்க வேண்டும், மாடி வராந்தாவை மறைக்கக்கூடாது, புது ஷெட்டர் போட்டால் அது சுருண்டு உட்காரும் உருளைப் பெட்டி உள்பக்கம் போக வேண்டும், ஏற்கெனவே இருப்பவற்றை ஒரு வருஷத்துக்குள் மாற்ற வேண்டும், இவ்வளவுதான் சாரம். மராத்தி போர்டு பற்றி ஒரு வரி கூட இல்லை!

முலுண்ட் வக்கீல்:
37 என்றால் நடைமுறை தெளிவு. அமலில் இருக்கும் வளர்ச்சித் திட்டத்தில் சின்ன மாற்றம் செய்வதற்கான பிரிவு அது. நோட்டீஸ் போட வேண்டும், ஆட்சேபம் கொடுத்தவர்களை நேரில் கேட்க வேண்டும், அப்புறம்தான் மாநில அரசின் ஒப்புதலுக்குப் போகும். எனவே கடிதத்தின் கடைசியில் "என்னை நேரில் கேட்க வேண்டும்" என்று ஒரு வரி தனியாக எழுதுங்கள்.

மராத்தி போர்டு சமாச்சாரத்தை இதில் கலக்கவே கலக்காதீர்கள். அது கடைகள் சட்டத்தில், அதாவது கடைப் பதிவான நம் குமாஸ்தா லைசென்ஸ் வருகிற 2017 சட்டத்தில் 2022 இல் செய்த திருத்தம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சின்னக் கடைகளுக்கும் சேர்த்துத்தான், மராத்தி எழுத்து மற்ற மொழி எழுத்தைவிடச் சிறியதாக இருக்கக்கூடாது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இரண்டு மாதம் கெடு கொடுத்து அதுவும் முடிந்த கதை. முடிந்த சட்டத்தைத் திட்டி வரைவுக்கு ஆட்சேபம் எழுதினால், வாங்குகிறவர் முதல் பக்கத்திலேயே மூடிவிடுவார். அதேபோல் விளக்கு போட்ட போர்டுக்கு லைசென்ஸ் வாங்குவது மாநகராட்சிச் சட்டத்தின் 328ஏ, அதுவும் வேறு கணக்கு.

இன்னொன்று. கடை ரொம்பப் பழையது என்கிறீர்கள். குடியிருப்பு அல்லாத இடம் என்றால் 1962 ஏப்ரல் 1க்கு முன்பே இருந்தது என்பதற்கான காகிதம் இந்த ஊரில் தங்கம். பழைய வாடகை ரசீது, குமாஸ்தா, மின்சார பில், எது இருந்தாலும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரைவுக்குத் தேவைப்படாமல் போகலாம், நாளைக்கு யாராவது கட்டடத்தை ரீடெவலப்மென்டுக்கு எடுத்தால் கட்டாயம் தேவைப்படும்.

செம்பூர் சைக்கிள் கடை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மழைக்கு நாங்கள் தார்ப்பாய் ஷெட் போடுகிறோமே, அதுவும் இதில் போய்விடுமா?

முலுண்ட் வக்கீல்:
உங்கள் ஏரியாவுக்கு இந்த நோட்டீஸே இல்லை. மழைக்கால ஷெட்டுக்கு வார்டு ஆபீசில் தற்காலிக அனுமதி வாங்குவது தனி.

ஹாரோவில் ஒரு மாட்டுங்காக்காரன்:
இங்கே லண்டன் பக்கம் நான் இருக்கிற பேட்டையிலும் கடைமுகப்புக்கென்று தனிக் கையேடு உண்டு. மூடிய தகர ஷெட்டர் வேண்டாம், ராத்திரி தெரு செத்துப்போன மாதிரி இருக்கிறது, ஓட்டை வைத்த கிரில் போடு என்பார்கள். இங்கிலாந்தில் இந்த மாதிரி துணைக் கையேடு கொண்டுவந்தால் குறைந்தது நாலு வாரம் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும், அப்புறம் யார் யார் என்னென்ன கேட்டார்கள், அதற்கு என்ன செய்தோம் என்று சுருக்கம் வெளியிட வேண்டும், 2012 விதியிலேயே இருக்கிறது. அதைப் படித்தால் நம் ஆட்சேபம் எங்கே போனது என்றாவது தெரியும். ஊரில் அப்படி உண்டா?

முலுண்ட் வக்கீல்:
தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள், 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். ஆவக் நம்பர், அதாவது கடிதத்தை வாங்கியதும் ஆபீசில் போட்டுத் தரும் பதிவு எண், கையில் இருந்தால்தான் கேள்வி கூர்மையாக இருக்கும்.

பழைய டிராஃப்ட்ஸ்மேன்:
கடைமுகப்பு விதி என்றதும் எல்லாரும் கடைக்காரனுக்கு எதிரி என்றே நினைக்கிறீர்கள். ஃபோர்ட்டில் தாதாபாய் நௌரோஜி ரோடு, அந்த வளைவு வளைவான நடைபாதைக் கட்டடங்கள், தொண்ணூறுகளில் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். வளைவு எங்கே, தூண் எங்கே என்று தெரியாத அளவுக்குப் போர்டு மேல் போர்டு. 1995 இல் பாரம்பரியக் கட்டட விதிகள் வந்த பிறகு, ஆபா நாராயண் லாம்பா என்ற கட்டடக் கலைஞர் அந்தத் தெருவுக்கு ஒரு முறை வகுத்தார். போர்டு வளைவுக்குள் உட்கார வேண்டும், கல்லை மறைக்கக்கூடாது, அவ்வளவுதான். கடைக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு செய்ததால் நடந்தது. போர்டு சின்னதானதால் வியாபாரம் படுத்துவிட்டது என்று அங்கே யாரும் என்னிடம் சொன்னதில்லை, எல்லார் போர்டும் சின்னதாகும்போது யாருடையதும் மறையாது.

எழுதினால் என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கும் ஒன்று. 2015 பிப்ரவரியில் நகரத்துக்கான, 2034 வரைக்குமான வளர்ச்சித் திட்டத்தின் வரைவு வந்தது நினைவிருக்கிறதா? இருக்கிற கட்டடத்தின் மேலேயே ரோடு வரைந்திருந்தார்கள். ஆட்சேபம் குவிந்து ஏப்ரலில் அரசே திருத்தச் சொல்லிவிட்டது. அடுத்த வருஷம் மறுபடி வரைவு, மறுபடி ஆட்சேபம், கடைசியில் 2018 இல்தான் அமலுக்கு வந்தது. அங்கே பலித்தது "என் வீட்டு எண் இது, உங்கள் படத்தில் இந்தத் தாளில் இப்படிப் போட்டிருக்கிறீர்கள்" என்று எழுதிய கடிதங்கள்.

எனவே தம்பி, ஒரு டேப் எடு. கடைத் திறப்பு அகலம், போர்டு நீள உயரம், ஷெட்டர் பெட்டி, ஓட்லா எவ்வளவு வெளியே வந்திருக்கிறது, எல்லாவற்றையும் அளந்து இங்கே போடு. அப்புறம் பேசலாம்.

காபித்தூள் கடை:
அளந்தேன். அளக்காமலே இருந்திருக்கலாம்.

கடைத் திறப்பு 9 அடி 4 அங்குலம். போர்டு 13 அடி. மீதி மாடிப்படி வாசலுக்கு மேலே போய் உட்கார்ந்திருக்கிறது, அது எங்கள் இடமே இல்லை. உயரம் 4 அடி 2 அங்குலம், மேல் விளிம்பு முதல் மாடி வராந்தாக் கைப்பிடியைத் தாண்டி நிற்கிறது. ஸ்டூல் போட்டு ஏறிப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு புறாக்கூடு, எங்கும் போய்ச் சேராத மூன்று ஒயர். அந்த நேரம் பார்த்து மாடி மாமி எட்டிப் பார்த்து, "இப்பவாவது கண்ணுக்குப் பட்டுதா?" என்றார். ஆறு வருஷமாகக் காற்று வரவில்லை, புறா எச்சம் வீட்டுக்குள் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார், நாங்கள் தலையாட்டிக்கொண்டே இருந்தோம்.

போர்டு விஷயத்தில் ஆட்சேபம் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் ஷெட்டர் உண்மையிலேயே பிரச்சினை. எங்கள் வறுக்கும் டிரம் ஷெட்டரிலிருந்து ஒன்றேகால் அடியில் இருக்கிறது. உருளைப் பெட்டி உள்ளே வந்தால் புகைக்குழாய் போகிற வென்டிலேட்டர் அடைபடும். டிரம்மை நகர்த்த இடமில்லை, பின்சுவர் பக்கத்து வீட்டு சமையலறை.

பழைய டிராஃப்ட்ஸ்மேன்:
பார்த்தாயா, நாலு பக்கத்தில் இல்லாதது ஒரு டேப்பில் வந்துவிட்டது. இதை மட்டும் எழுது. போர்டு பற்றிய விதியை ஏற்கிறேன் என்று முதல் வரியிலேயே எழுது, அப்போதுதான் ஷெட்டர் பற்றிச் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார்கள். வேண்டாம் என்பதோடு நிறுத்தாமல் அதற்குப் பதில் என்ன வேண்டும் என்றும் எழுது.

காபித்தூள் கடை:
இரவு உட்கார்ந்து எழுதிய சாரம் இது, டீச்சர் மராத்தியில் மாற்றித் தருகிறார்:

"வரைவில் போர்டு அளவு பற்றிய பகுதியை ஏற்கிறேன். ஷெட்டர் உருளைப் பெட்டி உள்பக்கம் இருக்க வேண்டும் என்பதற்கு ஆட்சேபம் தெரிவிக்கிறேன். என் கடையின் உள் ஆழம் 14 அடி. வறுக்கும் இயந்திரத்துக்கும் ஷெட்டருக்கும் இடைவெளி 1 அடி 3 அங்குலம். பெட்டி உள்ளே வந்தால் புகை வெளியேறும் வென்டிலேட்டர் அடைபடும், அளவு போட்ட வரைபடமும் புகைப்படமும் இணைத்துள்ளேன். உணவுப்பொருள் வறுக்கும், சமைக்கும் கடைகளில் பெட்டி வெளியே இருக்கவும், அது வாசல் நிலைக்கு மேல் தெரியாதபடி மரப்பலகையால் மூடப்படவும் அனுமதிக்க வேண்டும். இருக்கும் ஷெட்டர்களை ஒரு வருஷத்தில் மாற்றுவதற்குப் பதில், பழுதாகி மாற்றும்போது விதிக்கு உட்பட்டு மாற்றலாம் என்று திருத்த வேண்டும். என்னை நேரில் கேட்க வேண்டும்."

அப்பா படித்துவிட்டு, "தாத்தா 1951 இல் வந்ததைச் சேர்க்கலையா?" என்றார். வாடகை ரசீது நகலை இணைப்பாக வைத்துவிட்டேன், அதில் ஆறினார்.

முலுண்ட் வக்கீல்:
நன்றாக இருக்கிறது. வரைவின் உட்பிரிவு எண்ணை ஒவ்வொரு வரிக்கும் முன்னால் போடுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போங்கள், ஒன்றில் ஆவக் முத்திரையும் நம்பரும் தேதியும் வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். மெயிலும் அனுப்புங்கள், நோட்டீஸில் அச்சான முகவரிக்கு மட்டும்.

தாராவி 90 அடி ரோடு:
சரி, நான் சொன்னது தப்புதான். அந்த ஷெட்டர் பாயின்ட் எங்கள் வடை பாவ் கடைக்கும் பொருந்தும். நாங்களும் அந்தத் தெருவில் ஒரு கிளை வைத்திருக்கிறோம். வாசகத்தை எடுத்துக்கொள்ளலாமா?

காபித்தூள் கடை:
எடுத்துக்கொள்ளுங்கள், அளவை மட்டும் உங்களுடையதாகப் போடுங்கள்.

இன்று கொடுத்துவிட்டேன், ஆவக் நம்பர் கிடைத்தது. கிளம்பும்போது மாடி மாமி கையில் ஒரு கவரோடு படியிறங்கி வந்தார். அவரும் எழுதியிருக்கிறார், விதியை வரவேற்று, ஒரு வருஷம்கூட அதிகம், ஆறு மாதம் போதும் என்று. இரண்டு பேரும் ஒரே டாக்ஸியில்தான் போனோம். மீட்டர் காசு நான் கொடுத்தேன், கியூவில் மாமி முன்னால் நின்றார்.