8.2 கோடி டாலர்: சூரியோ அவசரப்பட்டாரா?

வளைபந்து:
அமெரிக்க பேஸ்பால் அணியான மில்வாக்கி புரூவர்ஸின் அவுட்ஃபீல்டர் (வெளிக்களத்தில் பந்தைப் பிடிப்பவர்) ஜாக்சன் சூரியோ 2023 டிசம்பரில் எட்டு ஆண்டுகளுக்கு 8.2 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். வயது 19. பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீக்கில் ஒரு பந்தைக்கூட அதுவரை சந்தித்ததில்லை. அடுத்த சீசனிலேயே 21 ஹோம் ரன் (மைதானத்தைத் தாண்டும் அடி), 22 பேஸ் திருட்டு (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது). ஒரே சீசனில் இந்த இரண்டிலும் இருபதைத் தாண்டியவர்களில் அவரே மிக இளையவர். இப்போது சொல்லுங்கள், யாருக்கு லாபம்? ஆறு ஆண்டு ஆடிவிட்டால் எந்த அணியிடமும் விலை பேசலாம்; அந்தச் சந்தைக்கு அவர் 25 வயதில் வந்திருக்கலாம். இன்னொரு அவுட்ஃபீல்டர் ஹுவான் சோட்டோ 2022-இல் வாஷிங்டன் அணி நீட்டிய 44 கோடியை வேண்டாம் என்றார். 2024-இல் நியூயார்க் மெட்ஸ் அணியிடம் 76.5 கோடி வாங்கினார். பொறுத்தவர் அவர்.

கணக்குப்புலி:
ஒரு சோட்டோவைக் காட்டிவிட்டீர்கள். ஜான் சிங்கிள்டனை மறந்துவிட்டீர்களா? 2014-இல் மேஜர் லீக் அறிமுகத்துக்கு முன்பே ஹூஸ்டன் அணியிடம் ஐந்து ஆண்டுக்கு 1 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டார். தன்னை மலிவாக விற்றுவிட்டதாகச் சக ஆட்டக்காரர்களே சாடினார்கள். பிறகு? அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அவருடைய பேட்டிங் சராசரி .200-ஐத் தொடவில்லை, ஐந்துக்கு ஒரு அடிகூட இல்லை. திட்டியவர்கள் யாரும் அவருக்கு வீட்டு வாடகை கட்டியிருக்க மாட்டார்கள்.

வளைபந்து:
சிங்கிள்டன் முதல் பேஸில் நின்று அடிப்பவர், அவ்வளவுதான். சூரியோ ஓடுவார், அடிப்பார், சென்டர் ஃபீல்டில் பந்தைத் துரத்திப் பிடிப்பார். இருவரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

பிலாக்ஸிவாசி:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். இங்கே மிசிசிப்பிக் கடற்கரையில் இருக்கிறேன். சூரியோ 2023 சீசனில் பெரும்பகுதியை ஆடிய டபுள்-ஏ (மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழே) அணியின் மைதானம் எங்கள் ஊர் பிலாக்ஸியில்தான். சாலைக்கு அந்தப் பக்கம் சூதாட்ட விடுதியின் உயரக் கட்டடம், மாலையில் உப்புக் காற்று. அந்த ஆண்டின் முதல் பாதியில், அந்த அணி ஆடும் சதர்ன் லீகில் ஒட்டும் பூச்சு பூசிய பந்தைச் சோதனைக்கு விட்டிருந்தார்கள். எல்லைக்கோட்டுக்கு வெளியே ஃபவுலாகி வந்து விழுந்த ஒன்றை என் மகன் எடுத்தான். கையில் வாங்கினேன், பழைய தபால்தலையின் பின்புறம்போல விரலில் மெல்லப் பிடித்தது. அப்படிப்பட்ட பந்து, எறிகிற பிட்சர் கையில் கிடைத்தால் கேட்கவா வேண்டும்? சுழலும், மடங்கும், கடைசி நொடியில் காணாமல் போகும். சூரியோ திணறினார். 'பையன் அவ்வளவுதான்' என்று பக்கத்து இருக்கைக்காரர்கள் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். இரண்டாம் பாதியில் வழக்கமான பந்து வந்தது. பையனும் மீண்டு வந்தார். பிலாக்ஸியில் அந்த ஆண்டு மொத்தம் 22 ஹோம் ரன், 43 திருட்டு. பிறகு ஒரு படி மேலே, டிரிபிள்-ஏ நாஷ்வில்லில் ஆறே ஆட்டம், அப்புறம் அந்தக் கையெழுத்து. பந்தின் மேல்பூச்சு மாறினாலே ஆட்டக்காரரின் மதிப்பு ஏறி இறங்குகிறது என்றால், கிடைக்கிறபோது வாங்கிக்கொள்வது தப்பா?

இடக்கையன்:
நான் இரண்டு கட்சியிலும் இல்லை. ஆனால் சூரியோ ஏதோ பட்டினியில் கையெழுத்திட்டதுபோல யாரும் பேச வேண்டாம். வெனிசுவேலாவிலிருந்து 2021 ஜனவரியில் ஒப்பந்தமானபோதே 18 லட்சம் டாலர் வாங்கியவர். பின்னாளில் அட்லாண்டா அணியின் நட்சத்திரமான ரொனால்ட் அக்குன்யாவுக்கு 2014-இல் கிடைத்தது 1 லட்சம். பட்டினி என்றால் அது மற்றவர்களுடையது: 2022 வரை டபுள்-ஏ ஆட்டக்காரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 13,800 டாலர். அவர்கள் ஆட்டக்காரர் சங்கத்தில் சேர்ந்த பிறகுதான் 2023-இல் 30,250 ஆயிற்று. ஒரே பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர்களைப் பற்றி இந்த விவாதத்தில் ஒரு வரிகூட இல்லை.

வளைபந்து:
நியாயம்தான், அதைத் தனியாகப் பேசுவோம். ஆனால் நீங்கள் சொன்ன 18 லட்சம் என் வாதத்துக்குத்தான் பலம். கையில் காசு இருந்தவர் பொறுத்திருக்கலாமே! ஒப்பந்தத்தின் முடிவில் இன்னும் இரண்டு ஆண்டு நீட்டிக்கும் உரிமை அணியிடம் இருக்கிறது. எல்லாம் சேர்த்தாலும் 14.25 கோடிதான் உச்சம். அது முடியும் 2033-இல் அவருக்கு வயது 29.

கணக்குப்புலி:
2024 ஜூன் தொடக்கம் வரை அவர் தடுமாறியதைப் பார்த்தீர்களா? ஒப்பந்தம் இல்லாத இருபது வயதுப் பையனாக இருந்திருந்தால் நாஷ்வில்லுக்கு மூட்டை கட்டி அனுப்பியிருப்பார்கள். பணத்தைக் கொட்டியதால்தான் அணியும் பொறுத்தது. அதனால்தான் அக்டோபர் 2 அன்று, மெட்ஸுக்கு எதிரான இரண்டாவது வைல்ட் கார்ட் (பிளேஆஃப் முதல் சுற்று) ஆட்டத்தில், ஸ்கோரைச் சமன் செய்யும் ஹோம் ரன்னை ஒரே இரவில் இரண்டு முறை அடிக்க ஆள் இருந்தது.

வளைபந்து:
அந்த இரண்டும் இரண்டு கோடி பெறும். சோட்டோ 26 வயதில் சந்தைக்கு வந்தார், இவர் 29-இல் வருவார். நடுவில் போகும் மூன்று ஆண்டுக்கு என்ன விலை? கணக்குப் போடுங்கள், புலியாரே.

கணக்குப்புலி:
முழங்காலைக் காட்டுங்கள், விலை சொல்கிறேன். அக்குன்யா 2019-இல் 10 கோடிக்கு எட்டு ஆண்டு ஒப்புக்கொண்டபோதும் இதே ஒப்பாரிதான். 2021-இல் வலது முழங்காலின் தசைநார் கிழிந்தது. 2023-இல் 41 ஹோம் ரன், 73 திருட்டு என்று உச்சிக்குப் போனார். 2024 மே மாதத்தில் இடது முழங்கால்.