எகிப்து 2013: முர்ஸியைக் கவிழ்த்தவர்களுக்கு சவூதி ஏன் பணம் கொட்டியது?

மாலைவாசகன்:
2013 ஜூலை 3 அன்று அதிபர் முர்ஸியை நீக்குவதாக ராணுவத் தளபதி சிசி அறிவிப்பு வாசித்த காட்சியில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பாருங்கள். அல் அஸ்ஹர் தலைமை இமாம் அஹமது தையிப், காப்டிக் கிறிஸ்தவப் போப் தவாத்ரோஸ், எதிர்க்கட்சித் தலைவர் எல்பரதேய்: இவர்கள் இருந்ததில் வியப்பில்லை. நூர் கட்சிப் பொதுச்செயலாளர் கலால் முர்ரா எப்படி அங்கே வந்தார்? ஷரீஆ விஷயத்தில் முர்ஸியே போதாது என்று சொன்ன ஸலஃபி (ஆரம்பகால இஸ்லாத்தைக் கறாராகப் பின்பற்றும்) கட்சி அல்லவா அது? அதைவிடப் பெரிய குழப்பம், வஹாபியம் என்ற கடும் மரபுவாத இஸ்லாத்தை அரசுக் கொள்கையாக வைத்திருந்த சவூதி ஒரே வாரத்துக்குள் ராணுவத்தின் பக்கம் பண உதவியோடு வந்து நின்றது. கத்தாரோ எதிர்முகாமில், முர்ஸி பக்கம். "எல்லாம் அமெரிக்காவின் வேலை" என்று ஒரு வரியில் முடிக்காமல் யாராவது விளக்க முடியுமா?

அரபிக்கடலோன்:
சவூதியும் முர்ஸியின் இஹ்வானும் (முஸ்லிம் சகோதரத்துவ இயக்கம்) மார்க்கம் பேசுகின்றன, அதனால் ஒரே அணி என்று எடுத்துக்கொண்டால் கணக்கு கடைசிவரை உதைக்கும். சவூதிக்கு இஹ்வானின் தொழுகையோ தாடியோ பிரச்சினை இல்லை, அமைப்புதான் பிரச்சினை. ஆட்சியாளருக்குக் கட்டுப்படு, குறை இருந்தால் அவரிடம் தனியாகச் சொல் என்பது சவூதி அரசு உலமாக்களின் (மார்க்க அறிஞர்களின்) நிலை. இஹ்வானோ உறுப்பினர் சேர்க்கும், தலைமைக்கு பைஅத் (விசுவாச உறுதிமொழி) வாங்கும், கிளை கட்டும், தேர்தலில் நிற்கும். 2012 ஜூனில் முர்ஸி 51.7 சதவீத வாக்கில் ஜெயித்தபோது, மார்க்கம் பேசும் சுன்னி கட்சி வாக்குப்பெட்டி வழியாகவே ஆட்சிக்கு வரலாம் என்று ஆகிவிட்டது. அப்படியானால் மன்னர் எதற்கு என்று ரியாத்தில் யாரும் கேட்டுவிடக் கூடாதே! ஈரான் புரட்சியை ஷியா சமாச்சாரம் என்று ஒதுக்கலாம், இதை ஒதுக்க முடியாது.

பழைய கசப்பும் உண்டு. 1954-இல் அலெக்ஸாண்ட்ரியாவில் எகிப்துத் தலைவர் நாசரைச் சுட முயன்ற பிறகு வேட்டையாடப்பட்ட இஹ்வான்கள் பலருக்கு அடைக்கலம் தந்ததே சவூதிதான். மன்னர் ஃபைசல் காலத்தில் அவர்கள் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஆசிரியர்களானார்கள். நாசருக்கு எதிராக அது நல்ல ஆயுதமாகவும் இருந்தது. 1990-இல் சதாம் குவைத்தைப் பிடித்ததும் அமெரிக்கப் படையை மன்னர் அழைத்தார். அதை உள்ளுக்குள்ளிருந்தே எதிர்த்தது இவர்களிடம் பாடம் கேட்டு வளர்ந்த 'ஸஹ்வா' (மார்க்க விழிப்பு) தலைமுறை. 1991, 1992-இல் மன்னருக்குச் சீர்திருத்த மனுக்கள் வந்தன. 1994-இல் ஸஹ்வா அறிஞர்கள் ஸல்மான் அல் அவ்தாவும் ஸஃபர் அல் ஹவாலியும் சிறைக்குப் போனார்கள். நம் தொல்லைகளுக்கு வேர் இஹ்வான்தான் என்று உள்துறை அமைச்சர் இளவரசர் நாயிஃப் 2002-இலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். 2013-இல் வெடித்தது புதுக் கோபம் இல்லை.

ஐக்கிய அரபு அமீரகத்தைக் கணக்கில் விட்டுவிடாதீர்கள். அங்கே இஹ்வான் சார்பு இஸ்லாஹ் அமைப்போடு தொடர்புபடுத்தி 94 பேர் மீது வழக்கு நடந்தது. 69 பேருக்குத் தண்டனை வந்த நாள் 2013 ஜூலை 2. மறுநாள் கெய்ரோவில் முர்ஸி போனார்.

நெய்தல்:
நூர் கட்சி பற்றி மட்டும் சொல்கிறேன். அதன் தாய் அமைப்பு அலெக்ஸாண்ட்ரியாவின் 'தஃவா ஸலஃபிய்யா' என்ற ஸலஃபி பிரசார இயக்கம், முக்கிய ஆள் யாசிர் புர்ஹாமி. முன்னாள் அதிபர் முபாரக் காலத்தில் இவர்கள் அரசியலுக்கு வராமல் பள்ளிவாசலோடு நின்றார்கள். உளவுத்துறையும் பெரும்பாலும் விட்டுவைத்தது. முபாரக்கை வீழ்த்திய 2011 ஜனவரிப் போராட்டத்துக்கே போக வேண்டாம் என்றவர்கள், அதே ஆண்டு கடைசியில் தொடங்கிய நாடாளுமன்றத் தேர்தலில் ஏறக்குறைய கால் பங்கு இடங்களைப் பிடித்தார்கள். ஆக இஹ்வானுக்கு இவர்கள் தோழர்கள் இல்லை, அதே வாக்காளரைப் பங்குபோடும் போட்டியாளர்கள். முர்ஸி அதைச் சரியாகக் கையாளவில்லை. ஆலோசகராக இருந்த நூர் பிரமுகர் காலித் அலமுத்தீனை 2013 பிப்ரவரியில் நீக்கினார். அதே மாதம் ஈரான் அதிபர் அஹ்மதிநெஜாத் கெய்ரோவுக்கு வந்தார், பின்னாலேயே ஈரானியச் சுற்றுலாப் பயணிகளும். ஷியாக்களை ஏற்காத ஸலஃபிகளுக்குக் கோபம் வர அது போதும்.

ஜூலை 3-க்குப் பிறகும் நூர் சும்மா தலையாட்டவில்லை. எல்பரதேயைப் பிரதமராக்கும் பேச்சை முறித்தது இவர்கள்தான்; பிப்லாவி பிரதமராக வந்தார். ஆனால் பேரத்தின் முடிவு பரிதாபம். அரசியல் சட்டத்தை மாற்றி எழுதிய 50 பேர் குழுவில் ஒரே ஓர் இடம். ஷரீஆவின் கொள்கைகள் என்றால் என்ன என்று வரையறுத்த 219-ஆம் பிரிவு, 2012-இல் இவர்கள் போராடிச் சேர்த்தது; 2014 சட்டத்தில் அது காணாமல் போனது. மத அடிப்படையில் கட்சி கூடாது என்ற 74-ஆம் பிரிவு வந்தது. அதற்கும் 'ஆம்' என்று வாக்குக் கேட்டார்கள்! கலைக்கப்படாமல் இருந்ததே லாபம் என்றிருந்திருப்பார்கள்.

மாலைவாசகன்:
நன்றி இருவருக்கும். பணம் எந்த வடிவில் வந்தது? கடனா, இலவசமா? அமெரிக்கா என்ன செய்தது?

கணக்குப்பிள்ளை:
முதல் தவணை மொத்தம் 1,200 கோடி டாலர். சவூதி 500: இதில் மத்திய வங்கியில் டெபாசிட் 200, எரிபொருள் 200, ரொக்கமாக 100. குவைத் 400: டெபாசிட் 200, ரொக்கம் 100, எண்ணெய் 100. அமீரகம் 300: வட்டியில்லா டெபாசிட் 200, ரொக்கம் 100. எல்லாம் கோடி டாலரில்.

கவனிக்க வேண்டியது பாதி அளவு டெபாசிட் என்பதை. 2010 கடைசியில் 3,600 கோடியாக இருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு, 2013 ஜூனில் சுமார் 1,500 கோடிக்கு இறங்கியிருந்தது. டெபாசிட் போட்ட அன்றே கையிருப்புக் கணக்கு ஏறும், சந்தை கொஞ்சம் அமைதியாகும். ஆனால் அதே தொகை வெளிநாட்டுக் கடன் பக்கத்திலும் ஏறும். தவணை முடியும்போது நீட்டிப்பதா, திருப்பிக் கேட்பதா என்பது போட்டவர் கையில். முர்ஸிக்கு உதவிய கத்தாரின் 200 கோடி டெபாசிட்டைக் கடன்பத்திரமாக மாற்றும் பேச்சு முறிந்ததும், 2013 செப்டம்பரில் எகிப்து அதைத் திருப்பிக் கொடுத்தது. வளைகுடாப் பணம் பின்னால் இருந்ததால்தான் அந்த வீறாப்பு. டெபாசிட் நிலமாக மாறியதும் உண்டு: 2024 பிப்ரவரியில் அமீரகத்தின் ராஸ் அல் ஹிக்மா கடற்கரை ஒப்பந்தம் 3,500 கோடி, அதில் 1,100 கோடி ஏற்கெனவே போட்டுவைத்திருந்த டெபாசிட்.

அமெரிக்கா? ஆண்டுக்கு 130 கோடி ராணுவ உதவி. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசை ராணுவம் கவிழ்த்தால் உதவியை நிறுத்தச் சொல்லும் சட்டம் அங்கே உண்டு. ஆகவே ஒபாமா அரசு 'ஆட்சிக் கவிழ்ப்பு' என்று அழைக்கவே இல்லை. 2013 அக்டோபரில் எஃப்-16 போர் விமானம் உட்படச் சிலவற்றை நிறுத்தி, 2015 மார்ச்சில் விடுவித்தார்கள்.

நெய்தல்:
கணக்குப்பிள்ளை ஐயா சொன்னதோடு ஒன்று. பணம் தந்தவர் சொன்னதெல்லாம் நடந்ததாக நினைக்க வேண்டாம். 2016 அக்டோபரில் சிரியா விவகாரத்தில் ரஷ்யத் தீர்மானத்துக்கு எகிப்து பாதுகாப்பு அவையில் வாக்களித்தது, சவூதி கொதித்தது. அதே மாதம் சவூதி அரசு எண்ணெய் நிறுவனம் அராம்கோ மாதந்தோறும் அனுப்ப ஒப்புக்கொண்ட 7 லட்சம் டன் எரிபொருள் நின்றது. 2017 மார்ச்சில் கப்பல்கள் திரும்ப வந்தன. செங்கடலில் உள்ள திரான், சனாஃபிர் தீவுகளை சவூதிக்குத் தரும் ஒப்பந்தத்தை எகிப்து நாடாளுமன்றம் ஏற்றது அதே ஆண்டு ஜூனில்.