மெஹெலனுக்கு எந்தக் கிழமை போறது?

மாலதி: அத்தை, ஜூலைல பிரசல்ஸ் வர்றோம்ல, ஒரு நாள் மிச்சம் இருக்கு. புரூஜ்ல கூட்டம் தாங்காதுன்னு சொன்னீங்களே. பக்கத்துல இருக்குற மெஹெலன் ஊருக்குப் போகலாமா? எங்களுக்குப் புதன்கிழமை தோது.

செல்வி அத்தை: தாராளமா போ. ஆனா புதன் வேணாம், டோசின் பாசறை அருங்காட்சியகம், நாஜிகள் யூதர்களை அடைச்சு வச்ச இடம், அன்னிக்குத்தான் மூடியிருக்கும். திங்கக்கிழமையா மாத்திக்கோ.

சுதா: திங்கக்கிழமைதானே ஐரோப்பாவுல பாதி மியூசியம் பூட்டிக் கிடக்கும்?

செல்வி அத்தை: அந்தக் கணக்கு இந்த ஊருக்குச் செல்லாது. அதோட கோடைல திங்கக்கிழமை சாயங்காலம் புனித ரம்பூட் தேவாலயக் கோபுரத்துல மணிக் கச்சேரி. அதைக் கேக்காம வந்தா மெஹெலன் போனதாவே ஆகாது.

பெரியப்பா: மாலதி, ஸ்டேஷன்ல ஒரு விஷயம். பிரசல்ஸ் நிலையங்கள்ல ரெண்டு மொழி. அதனால பலகையில 'மலீன்'னு பிரெஞ்சுப் பேரும் வரும். ரெண்டும் ஒரே ஊர்தான். வேற வண்டின்னு நெனச்சு விட்டுடாதே. ஏறினா 25 நிமிஷத்துக்குள்ள வந்துடும்.

மாலதி: அது தெரியாது பெரியப்பா, நல்லவேளை சொன்னீங்க.

பெரியப்பா: பிரிட்டனை விட்டா, ஐரோப்பாவுல நீராவி இஞ்சின் வச்சு பயணிகளை ஏத்தின முதல் பாதைகள்ல ஒண்ணு இந்தப் பிரசல்ஸ்–மெஹெலன் பாதை. 1835 மே 5. அன்னிக்கு மூணு இஞ்சின் ஓடுச்சு: அம்பு, ஸ்டீபன்சன், யானை. பெல்ஜியத்துல ரயில் பாதை தூரத்தை அளக்க ஆரம்பிச்ச புள்ளியும் மெஹெலன்தான். ஸ்டேஷன் பக்கம் அதுக்கு ஒரு மைல்கல் தூணே இருக்கு. ஆளுங்க பாக்காமத் தாண்டிப் போயிடுவாங்க.

சுதா: யானைன்னு இஞ்சினுக்குப் பேரா!

கதிர்: மணிக் கச்சேரி பத்தி நான் சொல்றேன். கோயில் மணி மாதிரி கயிறு இழுத்து ஆட்டுறது இல்ல. மணிங்க அசையாது, கம்பத்துல இறுக்கிக் கட்டியிருக்கும். உள்ள இருக்குற நாக்கு மட்டும் நகரும். ஒவ்வொரு நாக்குலேர்ந்தும் ஒரு கம்பி கீழ் அறைக்கு இறங்கி ஒரு மரக்கட்டையில முடியும். வாசிக்கிறவர் கையைத் தளர்வா மூடி, சுண்டுவிரல் பக்கமா அந்தக் கட்டையை அழுத்துவார். பெரிய மணிகளுக்குக் காலால மிதிக்கிற கட்டை. இதுக்கு டச்சுல பெய்யார்ட்னு பேரு. குறைஞ்சது 23 மணி இருந்தாத்தான் அந்தப் பேரே கொடுப்பாங்க. புனித ரம்பூட் கோபுரத்துல அப்படி ரெண்டு செட், ஒவ்வொண்ணுலயும் 49.

மாலதி: ஒரே கோபுரத்துல ரெண்டா? எதுக்கு?

கதிர்: ஒண்ணு பழசு, பல நூற்றாண்டு மணிங்க கலந்தது. இன்னொண்ணு 1981ல ஒரே வார்ப்புல செஞ்சது, சுருதி சுத்தமா இருக்கும். கச்சேரிக்குப் புதுசு.

சுதா: மணிக்குச் சுருதி எப்படிடா சேக்குறது? முறுக்க ஆணி கிடையாதே.

கதிர்: கடைசல்தான் சித்தி. கிட்டத்தட்ட 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம். வேணும்னே கொஞ்சம் கனமா வார்த்து, கடைசல் எந்திரத்துல கவுத்து, உள்பக்கம் சுரண்டிச் சுரண்டி எடுப்பாங்க. எந்த உயரத்துல சுரண்டுறோமோ அதைப் பொறுத்து வேற வேற ஸ்வரம் இறங்கும். அதிகமா எடுத்துட்டா போச்சு, ஒட்ட முடியாது, உருக்கித் திரும்ப வார்க்கணும். இதை முதல்ல ஒழுங்காச் செஞ்சவங்க ஹெமோனி சகோதரர்கள், 1644ல நெதர்லாந்துல ஸுட்ஃபென் ஊருக்கு வார்த்தாங்க.

கதிர்: இன்னொரு வில்லங்கம் இருக்கு. மணியைத் தட்டினா ஸ மட்டும் வராது. கூடவே சாதாரண காந்தாரமும் லேசா ஒலிக்கும், அது மணியோட இயல்பு. இப்போ சங்கராபரணம் மாதிரி அந்தர காந்தாரம் வர்ற மெட்டைக் கீழ் மணிகள்ல சேத்து அடிச்சா ரெண்டு காந்தாரமும் முட்டிக்கும், கொழகொழன்னு கேக்கும். அதனால கீழே ஒத்தை ஸ்வரம், காந்தாரத்தை மேல தள்ளி வைன்னு பாட்டையே மாத்தி எழுதுவாங்க. பியானோவுக்கு எழுதினதை அப்படியே தூக்கிட்டு வந்து அடிச்சா நாராசமா இருக்கும்.

செல்வி அத்தை: கமகத்துக்கு வழியே இல்லேன்னு சொல்லு.

கதிர்: இல்லவே இல்ல. பெரிய மணி ஒலிச்சா அடங்க நேரமாகும், நிறுத்துறதுக்கு ஒண்ணும் கிடையாது. சின்ன மணி நேர்மாறு, டக்குனு செத்துடும். அதனால யெஃப் டெனைன்கிற இந்த ஊர் வாத்தியக்காரர் (1862–1941) சின்ன மணிகளை விடாம நடுங்க அடிச்சு, நீட்டிப் பாடுற மாதிரி கொண்டுவந்தார். மெஹெலன் பாணின்னா அதுதான். 1922ல அவர் தொடங்கின பள்ளிதான் உலகத்துலேயே முதல் பெய்யார்ட் பள்ளி, இன்னும் நடக்குது.

சுதா: வெயில் காலத்துல கம்பி நீளாதா?

கதிர்: சரியான கேள்வி! நீளும். நாக்கு மணியை விட்டு விலகிடும், கட்டையை அழுத்தினா தொளதொளன்னு இருக்கும், அடி லேட்டா விழும். குளிர்ல கம்பி சுருங்கி, நாக்கு மணிமேல ஒட்டி 'டக்'னு செத்த சத்தம் வரும். அதனால ஒவ்வொரு கட்டைக்கு மேலயும் கம்பியில ஒரு திருகு இருக்கும். உட்கார்ந்ததும் முதல் வேலை அதைத் திருகிச் சரிபார்க்குறதுதான். பயிற்சிக்கு மட்டும் கீழே தனிக் கருவி. மேல போய்ப் பழகினா தப்பெல்லாம் ஊருக்கே கேக்கும்ல!

மாலதி: சரி, எங்க நின்னு கேக்கணும்?

செல்வி அத்தை: கோபுரத்தடியில நிக்காதே, சத்தம் தலைக்கு மேல போயிடும். நூறு, நூத்தம்பது மீட்டர் தள்ளி, வண்டிச் சத்தம் இல்லாத முற்றமாப் பாத்து உட்காரு. கச்சேரி இல்லாத நேரத்துலயும் ஏழரை நிமிஷத்துக்கு ஒருக்கா ஏதாவது ஒலிக்கும். அது ஆள் அடிக்கிறது இல்ல, முள் பதிச்ச பெரிய உருளை சுத்தி அடிக்கிறது.

மாலதி: ஏழரையா! சனி பகவான் கணக்கு போல.

மாலதி: கோபுரத்து மேல ஏறலாமா? மாமியாருக்கு முட்டி வலி.

செல்வி அத்தை: 538 படி, வளைஞ்சு வளைஞ்சு போற கல் படி, லிஃப்ட் கிடையாது. அவங்களைச் சதுக்கத்துல காபிக் கடையில உட்கார வை. நீயும் பிள்ளைகளும் ஏறுங்க. நடுவுல அறை அறையா நின்னு போகலாம். பாரம் தூக்கும் அறையில பெரிய மரச் சக்கரம் இருக்கும், ஆள் உள்ள ஏறி நடந்து சுத்தித்தான் சாமான் மேல ஏத்தினாங்க. அடுத்து மணி அறை. அங்க இருக்குற சால்வட்டோர் மணி மட்டும் 8 டன்னுக்கு மேல.

சுதா: படத்துல பாத்தேன், கோபுரம் மொட்டையா நிக்குது?

செல்வி அத்தை: 1452ல ஆரம்பிச்சது. 167 மீட்டர் திட்டம், 97 மீட்டரோட 1520 வாக்குல நின்னுபோச்சு, பணம் வத்திடுச்சு. ஆனா அந்தக் காலத்துல இது சின்ன ஊர் இல்ல. 1507லேர்ந்து 1515 வரைக்கும், மறுபடி 1519லேர்ந்து 1530 வரைக்கும் ஆஸ்திரியாவின் மார்கரெட் இங்க உட்கார்ந்துதான் நெதர்லாந்து முழுக்க (அப்போ பெல்ஜியமும் அதுல சேர்ந்தது) ஆண்டாங்க. பின்னால பேரரசரான ஐந்தாம் சார்லஸ் அவங்க அண்ணன் மகன், இங்கதான் வளர்ந்தார். இங்கிலாந்து ராணியான ஆன் பொலினையும் 1513ல அந்த அரண்மனைக்குத்தான் பழக அனுப்பினாங்க. மார்கரெட் செத்ததும் அரசவை பிரசல்ஸுக்குப் போயிடுச்சு. அரண்மனை இப்போ கோர்ட்டு, தோட்டத்தை மட்டும் எட்டிப் பாரு.

பெரியப்பா: அந்த நிலாக் கதையைச் சொல்லு, பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

செல்வி அத்தை: 1687 ஜனவரி 27 ராத்திரி. மதுக்கடையிலேர்ந்து வந்த ஒருத்தன் அண்ணாந்து பாத்தா கோபுரம் தகதகன்னு எரியுது. கூச்சல் போட்டான். ஊரே வாளி வாளியாத் தண்ணியைக் கைமாத்தி, அந்தப் படி வழியா மேல ஏத்துச்சு. உச்சிக்குப் போறதுக்குள்ள மூடுபனி விலகிடுச்சு. ஜன்னல் வழியாத் தெரிஞ்சது சிவந்த நிலா! அன்னிலேர்ந்து மெஹெலன்காரங்களுக்கு 'மானெபிளஸ்ஸர்', நிலாவை அணைக்கிறவங்கன்னு பட்டப்பேரு. கோவிச்சுக்கிறதில்ல, அந்தப் பேர்ல பீரே வடிக்கிறாங்க.

சுதா: நகர மன்றத்துக்கு முன்னாடி ஒரு பொம்மையைத் துணியில தூக்கிப் போடுற சிலை இருக்கே?

செல்வி அத்தை: ஓப்சின்யோர்க்கெ. மரப்பொம்மை, 1647ல செதுக்கினது. 1775 ஊர்வலத்துல தூக்கிப் போட்டப்ப கூட்டத்துல விழுந்துச்சு. தலையைக் காப்பாத்திக்கக் கையை நீட்டின ஆண்ட்வெர்ப்காரனைத் திருடன்னு மொத்திட்டாங்க. ஆண்ட்வெர்ப்காரங்களுக்கு 'சின்யோர்'னு பட்டப்பேரு, அதான் பொம்மை பேர்ல ஒட்டிக்கிச்சு.

மாலதி: டோசின் பாசறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

செல்வி அத்தை: பெரியவளைக் கூட்டிப் போ. சின்னவன் வேணாம். 1942லேர்ந்து 1944 வரைக்கும் 25,000க்கு மேல யூதர்களையும் ரோமா மக்களையும் (ஜிப்சிகள்னு சொல்வாங்களே) நாஜிகள் அங்கேர்ந்துதான் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பினாங்க. ஏன் மெஹெலன்னா, யூதர்கள் அதிகம் இருந்த ஆண்ட்வெர்ப்புக்கும் பிரசல்ஸுக்கும் நடுவுல இருக்கு, பாசறை பக்கத்துலயே தண்டவாளம்.

பெரியப்பா: பெல்ஜியத்தோட முதல் பயணி வண்டி வந்த அதே ஊர்.

செல்வி அத்தை: ஆமா. 1943 ஏப்ரல் 19 ராத்திரி கிளம்பின 20ஆவது வண்டியை மூணு இளைஞர்கள் போர்ட்மேர்பேக்ங்கிற ஊர் பக்கத்துல நிறுத்தினாங்க. கையில ஒரு துப்பாக்கி, கம்பி வெட்டுற குறடு, சிவப்புக் காகிதம் சுத்தின ஒரு விளக்கு. அபாய சிக்னல்னு நெனச்சு டிரைவர் நிறுத்திட்டார். ஒரு பெட்டிக் கதவைத் திறந்து 17 பேரை வெளியே விட்டாங்க. அந்த வண்டியிலேர்ந்து எல்லை தாண்டுறதுக்குள்ள குதிச்சவங்களையும் சேத்தா 230க்கு மேல. அத்தனை பேரும் பிழைக்கல. உள்ள போனா அனுப்பப்பட்டவங்க முகம் சுவர் முழுக்க மாடிக்கு மாடி இருக்கும். ரெண்டு மணி நேரம் ஒதுக்கு.

மாலதி: சரி அத்தை. அப்போ காலையில டோசின், மத்தியானம் கோபுரம், ராத்திரி மணி?

செல்வி அத்தை: அதேதான். நடுவுல டைல ஆத்து மரப்பாதையில கொஞ்சம் நடங்க, தண்ணிக்கு மேலயே போகும். கோபுரம் திறக்குற நேரத்தை முதல் நாளே பாத்துக்கோ. கச்சேரிக்கு முன்னாடி சாப்பிட்டுடுங்க. கடைசி வண்டி எத்தனை மணிக்குன்னு பெரியப்பாவைக் கேட்டுக்கோ.

பெரியப்பா: பாத்துச் சொல்றேன். மைல்கல் தூணை மறந்துடாதே, ஒரு போட்டோ அனுப்பு.