கிம்ப் 3.0 போட்ட பிறகு பாஸ்போர்ட் போட்டோ மெனுவைக் காணோம்

ஸ்டுடியோக்காரன்:
வணக்கம். சின்ன ஊரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் போட்டோ வேலை எல்லாமே இத்தனை வருஷமாக கிம்ப் என்கிற இலவச போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேரின் 2.10 வெர்ஷனில்தான். அக்கா பையன் கல்லூரியில் படிக்கும்போது பைத்தான் என்கிற நிரல்மொழியில் ஒரு பிளக்-இன், அதாவது கிம்ப்போடு சேர்த்துக்கொள்கிற குட்டி புரோகிராம், எழுதிக் கொடுத்தான். முகத்தை 35க்கு 45 மில்லிமீட்டரில் வெட்டிவிட்டு ஃபில்டர்ஸ் மெனுவில் 'எட்டு காப்பி'யைத் தட்டினால் போதும், 4க்கு 6 அங்குலப் பேப்பரில் எட்டுப் படமும் வரிசையாக உட்கார்ந்துவிடும். போன வாரம் புது வெர்ஷன் வந்திருக்கிறது என்று காட்டியது, சரி என்று இறக்கிப் போட்டேன், அந்த மெனுவே போச்சு. பழைய ஃபைலை புது பிளக்-இன்ஸ் ஃபோல்டரில் போட்டும் பார்த்துவிட்டேன். எரர்கூட வரவில்லை, கமுக்கமாக இருக்கிறது. பையன் இப்போது வேலையில் இருக்கிறான், ராத்திரி பதினொரு மணிக்குத்தான் போனை எடுப்பான். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், வாசலில் பிள்ளைகள் கூட்டம், நான் எட்டுப் படத்தையும் மவுஸால் நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருக்கிறேன். என்ன பண்ணலாம்?

மவுஸ்பிடித்தவன்:
ஃபைலை அப்படியே போட்டால் 3.0 கண்டுகொள்ளாது அண்ணே. ஒவ்வொரு பிளக்-இன்னும் தன் பெயரிலேயே ஒரு ஃபோல்டருக்குள் இருக்க வேண்டும். ஃபைல் பெயர் 'எட்டுபடம்' என்றால் ஃபோல்டர் பெயரும் 'எட்டுபடம்', ஒரு எழுத்து மாறினாலும் வராது. எந்த இடம் என்று சந்தேகம் இருந்தால் பிரிஃபரன்சஸில் ஃபோல்டர்ஸ், அதற்குள் பிளக்-இன்ஸ் பாருங்கள், பாதையைக் காட்டும். 2.10-க்கும் 3.0-க்கும் தனித்தனி ஃபோல்டர், பலரும் பழையதிலேயே போட்டுவிட்டுத் தேடுவார்கள்.

ஸ்டுடியோக்காரன்:
இடம் சரிதான் தம்பி. நீங்கள் சொன்னபடி ஃபோல்டர் போட்டு மூடித் திறந்தேன். அப்பவும் வரவில்லை.

நிரல்தாசன்:
வராது சார், ஃபோல்டர் பாதிப் பிரச்சினைதான். அந்த ஃபைலை நோட்பேடில் திறந்து மேலே பாருங்கள், கிம்ப்ஃபூ என்கிற பழைய பைத்தான் துணைநூலகத்தை இம்போர்ட் செய்கிற (உள்ளே கூப்பிடுகிற) வரி இருக்கும். இருந்தால் கதை முடிந்தது. 2.10 காலத்துப் பிளக்-இன்கள் பைத்தான் 2-ல் எழுதியவை. பைத்தான் 2-க்கு 2020 ஜனவரி 1-லேயே ஆதரவு நின்றுவிட்டது. 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0-ல் கிம்ப்ஃபூவே கிடையாது, பைத்தான் 3-ல்தான் எழுத வேண்டும், கிம்ப்பிடம் வேலை வாங்குகிற கட்டளைகளிலும் பல மாறிவிட்டன. பைத்தான் 3-க்கு மாற்றித் தருகிற கருவியில் போட்டு எடுத்தால் பிரிண்ட் வரிக்கு அடைப்புக்குறி போட்டுத் தரும், அவ்வளவுதான். மருமகன்தான் உட்கார்ந்து திருத்த வேண்டும். தெரிந்தவனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

பிரிண்டுக்கடை:
சீசன் நேரத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கு எங்கே போவார்? 2.10-ஐ மறுபடி போடுங்கள், பழைய இன்ஸ்டாலர் கிம்ப் தளத்திலேயே கிடைக்கிறது, 3.0-ஐ நீக்காமலே இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை, 3.0-ல் சேமித்த எக்ஸ்சிஎஃப் (கிம்ப்பின் சொந்த வகை) ஃபைல் 2.10-ல் திறக்காமல் போகலாம்.

ஆனால் இந்த வேலைக்குப் பிளக்-இன்னே தேவையில்லை என்பது என் கட்சி. 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 4க்கு 6 பேப்பர் படுக்கைவாக்கில் 1800க்கு 1200 பிக்சல். 35க்கு 45 என்பது 413க்கு 531. முகத்தை அந்த அளவுக்கு வெட்டிச் சுருக்குங்கள். பேக்ரவுண்ட் கலர் வெள்ளையாக இருக்கட்டும். கேன்வாஸ் சைஸை 450க்கு 600 ஆக்கி, படத்தை நடுவில் வைத்து, ஃபிளாட்டன் (லேயர் எனும் அடுக்குகளை ஒன்றாக்குவது) கொடுங்கள். சுற்றிலும் வெள்ளை ஓரம் வந்துவிடும். கன்ட்ரோல் ஏ, கன்ட்ரோல் சி. அப்புறம் 1800க்கு 1200-ல் புதுப் படம் திறந்து, ரெசல்யூஷன் 300 வைத்து, பேட்டர்ன் (திரும்பத் திரும்ப நிரப்புகிற படம்) பட்டியலைப் பாருங்கள். நீங்கள் காப்பி செய்த முகம் முதல் ஆளாக உட்கார்ந்திருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து எடிட் மெனுவில் பேட்டர்னால் நிரப்பச் சொன்னால் எட்டுப் படமும் ஒரே தட்டில். 450 நாலு முறை, 600 இரண்டு முறை, கணக்கு மிச்சமில்லாமல் சரியாக வரும். நான் தினமும் இப்படித்தான்.

நிரல்தாசன்:
அட, இது எனக்குத் தோன்றவே இல்லை. ஃபிளாட்டனை விட்டுவிடாதீர்கள் சார், விட்டால் லேயர் 413க்கு 531 ஆகவே நிற்கும், படங்கள் ஒட்டி ஒட்டி வரும், கத்தரிக்க இடம் இருக்காது.

ஸ்டுடியோக்காரன்:
கோடி புண்ணியம். முதல் தடவை ஃபிளாட்டன் பண்ண மறந்து ஒட்டித்தான் வந்தது, இரண்டாவது தடவை சரியாக வந்தது. ஆனால் பிரிண்ட் எடுத்து ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 35-க்கு 36 காட்டுகிறது. அப்புறம் ஒன்று, வெளிச்சம் சரிசெய்ய கர்வ்ஸ் போட்டால் இப்போது லேயர் பக்கத்தில் எஃப்எக்ஸ் என்று ஒரு குறி தொங்குகிறது, அது என்ன?

பிரிண்டுக்கடை:
பிரிண்டரில் பார்டர்லெஸ் வைத்திருப்பீர்கள். ஓரத்தில் வெள்ளை தெரியாமலிருக்க அது படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கித்தான் அடிக்கும். உங்கள் படத்திலேயே வெள்ளை ஓரம் இருக்கிறதே, பார்டர்லெஸ்ஸை எடுத்துவிட்டு 100 சதவீதத்தில் அடியுங்கள். எஃப்எக்ஸ் கோளாறு இல்லை, 3.0-ல் கர்வ்ஸ் மாதிரி ஃபில்டர் எல்லாம் லேயரோடு ஒட்டி நிற்கும், பிறகு திறந்து மாற்றலாம். பழைய மாதிரி அப்போதே கலந்துவிட வேண்டுமென்றால் கர்வ்ஸ் பெட்டியில் மெர்ஜ் ஃபில்டர் என்பதை டிக் பண்ணுங்கள்.

ஸ்டுடியோக்காரன்:
ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், 35 இருக்கிறது. 2.10-ம் போட்டுவிட்டேன், மெனு பழைய இடத்தில் வந்துவிட்டது, இருந்தாலும் பேட்டர்ன் வழியே கைக்குப் பழகிவிட்டது. பையன் ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்றான்.