ஏர் டிரை க்ளே வேலைகள்: எங்கே வெடிக்கும், எங்கே வளையும், ஏன்

சூளையில் சுடாமல் காற்றிலேயே காய்ந்து இறுகும் க்ளேயை ‘ஏர் டிரை க்ளே’ என்று ஒரே பெயரில் விற்றாலும் பாக்கெட்டுக்குள் இருப்பது ஒரே சரக்கு அல்ல. இதைக் கவனிக்காமல் ஒருவர் சொன்ன பக்குவத்தை இன்னொருவர் அப்படியே செய்துவிட்டு ‘எனக்கு மட்டும் வரவில்லை’ என்கிறார். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

கல்பொடி சேர்ந்த க்ளே கனமாக இருக்கும், கையில் எடுத்தால் சில்லென்று இருக்கும். கிண்ணம், தட்டு, சுவரில் மாட்டும் பலகை எல்லாவற்றுக்கும் இதுதான். காகிதக்கூழ் சேர்ந்ததில் நார் இழுத்துப் பிடிப்பதால் விரிசல் குறைவு, ஆனால் தேய்க்கும்போது அந்த நாரே மேலே எழும்பி நிற்கும். ஃபோம் க்ளேயில் எடையே தெரியாது, சுருக்கமும் மிகக் குறைவு. காய்ந்த பிறகும் விரலால் அழுத்தினால் அமுங்கும், உப்புத்தாள் அதற்கு ஒத்துவராது. ஈரமாக இருக்கும்போது கொடுத்த வடிவம்தான் அதற்குக் கடைசி வடிவம். கோல்டு போர்சலின் (cold porcelain) என்பது கார்ன்ஃப்ளாரும் வெள்ளைப் பசையும் சேர்த்து வீட்டிலேயே கிண்டுவது. மெல்லிய இதழ்களுக்கு அதை மிஞ்ச வேறொன்று இல்லை.

தண்ணீர் சேர்ந்த க்ளே காயும்போது பொதுவாக 5 முதல் 10 சதவீதம் சுருங்கும். 10 செ.மீ. வட்டம் வேண்டுமென்றால் 11 செ.மீ. வெட்டுங்கள். போட்டோவுக்கு ஃபிரேம் செய்பவர்கள் இந்தக் கணக்கைப் போடாவிட்டால் படம் உள்ளே இறங்காது.

*

விரிசலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பாதிக் கேள்விகள் அதில்தான் வருகின்றன.

மேலே லேசாகக் கோடு விட்டதும் எல்லோரும் செய்வது விரலைத் தண்ணீரில் முக்கித் தடவுவது. அந்த நிமிடத்துக்குக் கோடு மறையும், மறுநாள் அதே இடத்தில் இன்னும் அகலமாக வாய் பிளக்கும். காரணம் எளிது. வெளித்தோல் முதலில் காய்ந்து சுருங்குகிறது, உள்ளே ஈரம் இருப்பதால் உட்பகுதி சுருங்கவில்லை. சுருங்கின தோல் உள்ளிருப்பதைச் சுற்றிப் போதாமல் கிழிகிறது. நீங்கள் கூட ஊற்றின தண்ணீரும் வெளியேறித்தான் ஆக வேண்டும், அது போகிற அளவுக்குச் சுருக்கமும் கூடும். விரல் ஈரமாக இருக்கலாம், சொட்டக் கூடாது. பிழிந்த ஸ்பாஞ்சு இன்னும் நல்லது.

கனம் எங்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். 5 முதல் 6 மி.மீ. பாதுகாப்பான அளவு. 3 மி.மீ.க்குக் கீழே போனால் ஓரம் தூக்கிக்கொள்ளும், 1 செ.மீ.யைத் தாண்டினால் நடுவில் ஈரம் சிக்கும். ஒரே பொம்மையில் உடம்பு தடி, கழுத்து மெல்லிசு என்றால் கழுத்து முதலில் காய்ந்து அங்கேதான் வளையமாக வெடிக்கும். பெரிய உருவம் செய்ய உள்ளே அலுமினியம் ஃபாயிலைக் கசக்கி உருட்டி வையுங்கள். இறுக்கி அடித்துக் கெட்டியாக்காதீர்கள். கொஞ்சம் நெகிழ்வு இருந்தால்தான் க்ளே சுருங்கும்போது உள்ளிருப்பதும் விட்டுக்கொடுக்கும். அதன் மேல் மாஸ்கிங் டேப் ஒரு சுற்று சுற்றினால் க்ளே வழுக்காமல் பிடிக்கும்.

ஒட்டும் இடம் இன்னொரு ஆபத்து. வெறும் ஈரத்தில் ஒட்டியது காய்ந்ததும் முழுசாகக் கழன்று வரும். இரண்டு பக்கமும் முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, அதே க்ளேயைத் தண்ணீரில் தயிர் பதத்துக்குக் கரைத்த கூழைத் தடவி, வைத்து அழுத்தி ஒரு நூலளவு அசைத்து உட்காரவைக்க வேண்டும். பிறகு இணைப்பைச் சுற்றி மெல்லிய க்ளே திரி வைத்து இரண்டு பக்கமும் இழுத்து விடுங்கள். இரண்டு துண்டும் ஒரே ஈரத்தில் இருப்பது முக்கியம். நேற்றுச் செய்த கைப்பிடியை இன்று செய்த கோப்பையில் வைத்தால் கோப்பை மட்டும் சுருங்கும், கைப்பிடி அப்படியே நிற்கும், இணைப்பு பிளந்துகொள்ளும்.

உலர்த்தும்போது முதல் 12 மணி நேரம் மேலே பிளாஸ்டிக் கவரைத் தளர்வாகப் போர்த்துங்கள். பிறகு திறந்து, கம்பித் தட்டில் வைத்து, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடுங்கள். ஃபேன் காற்று, நேர் வெயில், ஹேர் டிரையர், ஓவன் எதுவும் வேண்டாம். 5 மி.மீ. துண்டுக்கு ஒன்றிலிருந்து இரண்டு நாள். 1 செ.மீ. என்றால் மூன்று நாலு நாள், காற்றில் ஈரம் அதிகமான நேரத்தில் அதற்கு மேலும்.

*

துண்டுகளை ஒட்ட மேலே சொன்ன க்ளே கூழில் சிலர் வெள்ளைப் பசையும் கலப்பார்கள். பிடிப்பு கூடும், உண்மைதான். ஆனால் வெளியே பிதுங்கியதை உடனே துடைத்துவிடுங்கள். காய்ந்தால் பசை ஒரு பளபளப்புத் தோலாக நிற்கும், பெயிண்டை நீர்க்கக் கரைத்து அடித்தால் அந்த இடம் மட்டும் நிறம் ஏற்காமல் வெளுத்துத் தெரியும். டெரகோட்டா நிறத்தை அப்படியே விடுகிற வேலைகளில் பசை கலக்காத கூழே மேல்.

*

கிண்ணம் செய்பவர்களுக்கு: அச்சுக்கு வைத்த கிண்ணத்தின் உள்ளே க்ளேயை விரிப்பதா, கவிழ்த்து அதன் முதுகில் விரிப்பதா என்பதிலேயே பாதி வெற்றி. உள்ளே விரித்தால் காயும்போது க்ளே சுருங்கி அச்சிலிருந்து தானாக விலகி வரும். முதுகில் விரித்தால் சுருங்கிச் சுருங்கி அச்சையே இறுக்கும். அச்சு நகராது, விளிம்பிலிருந்து அடிவரை நேராக ஒரு பிளவு விழும். முதுகில்தான் வேண்டும் என்றால் நடுவில் க்ளிங் ராப் போட்டு, க்ளே வடிவம் தாங்கும் அளவுக்கு இறுகியதும் கழற்றிவிடுங்கள். ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் அந்தப் பதம் வரும். நகத்தால் தொட்டால் தடம் விழும், கையில் ஒட்டாது.

தட்டையான வேலைக்கு: இரண்டு பக்கமும் 5 மி.மீ. மரச்சட்டம் வைத்து நடுவில் உருட்டுக்கட்டையை ஓட்டினால் கனம் சீராக வரும். அடியிலும் மேலும் பட்டர் பேப்பர். தேய்த்த பிறகு கையால் தூக்காதீர்கள், பேப்பரோடு நகர்த்துங்கள். ஒருமுறை வளைந்ததைத் தட்டிச் சமம் செய்தாலும் காயும்போது அதே பக்கம் திரும்ப வளையும். மேல்பக்கம் தொட்டால் ஒட்டாத நிலை வந்ததும் இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து மேலே ஒரு கனமான புத்தகம். அட்டை ஈரத்தை உறிஞ்சும், அதனால் அரை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

இலைத் தடம் பதிப்பதாக இருந்தால் நரம்பு புடைத்த அடிப்பக்கம் க்ளேயைப் பார்க்கட்டும். காம்பையும் சேர்த்து உருட்டிவிட்டு, காம்பைப் பிடித்து மெல்ல உரித்தெடுங்கள்.

*

காய்ந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்வதை நான் நம்புவதில்லை. நிறம் வெளுத்த பிறகும் அடியில் ஈரம் இருக்கும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஈரம் ஆவியாகிற இடம் குளிர்ச்சியாகத் தெரியும், குறிப்பாகப் பொம்மையின் அடிப்பாகம், கிண்ணத்தின் நடு. இதைவிட நிச்சயம் சமையலறைத் தராசு. ஒருமுறை நிறுத்துக் குறித்து, 12 மணி நேரம் கழித்துத் திரும்ப நிறுங்கள். எடை குறைந்திருந்தால் இன்னும் காயவில்லை. இரண்டு முறையும் ஒரே எடை வந்தால்தான் பெயிண்டைத் திறக்கலாம்.

அவசரப்பட்டு மேலே பெயிண்டும் வார்னிஷும் பூசி ஈரத்தை உள்ளே பூட்டினால் கொப்புளம் கிளம்பும், அல்லது படலம் தோல் தோலாக உரியும். காகிதக்கூழ் க்ளேயில் கருப்புப் புள்ளியாகப் பூஞ்சையும் வரும்.

*

கோல்டு போர்சலின் வீட்டில் கிண்ட அளவு சிலர் கேட்டிருந்தார்கள். கார்ன்ஃப்ளார் 1 கப், வெள்ளை பிவிஏ பசை 1 கப், பேபி ஆயில் 2 மேசைக்கரண்டி, வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி. எண்ணெய் கையில் ஒட்டாமல் நெகிழ்வாக வைக்கும், புளிப்பு பூஞ்சையைத் தள்ளிப்போடும். எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கலக்கி, நான்ஸ்டிக் பாத்திரத்தில் சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருங்கள். முதலில் கட்டிக் கட்டியாகத் திரியும், பிறகு பாத்திரத்தை விட்டுச் சுருண்டு ஒரே உருண்டையாக வரும். அந்த நொடியே இறக்குங்கள். இன்னும் ஒரு நிமிடம் விட்டால் காய்ந்துபோய் இழுத்தால் நூலாக வராமல் பிய்யும். இறக்கியது சற்று இளக்கமாக இருப்பதே நல்லது, இறுகினதைத் திருப்புவது கஷ்டம். கையில் ஹேண்ட் கிரீம் தடவிச் சூடு பொறுக்கும்போதே பிசைந்து, க்ளிங் ராப்பில் காற்றுப் புகாமல் சுற்றி ஒரு இரவு விடுங்கள். அந்தப் பாத்திரம் திரும்பச் சமையலுக்கு வேண்டாம்.

காய்ந்தால் இது கண்ணாடித்தன்மையோடு மங்கிய மஞ்சளாகத் தெரியும். வெள்ளைப் பூ வேண்டுமென்றால் பிசையும்போதே டைட்டேனியம் வெள்ளை அக்ரிலிக் சேர்க்க வேண்டும். மற்ற நிறங்களும் காய்ந்ததும் இரண்டு படி அடர்த்தியாகும், ஈரத்தில் வெளிறித் தெரிகிற அளவே போதும்.

ரோஜாவுக்கு மொட்டை முதலில் கம்பியில் பொருத்தி முழுசாகக் காயவிடுங்கள். ஈர மொட்டின் மேல் இதழ் சுற்றினால் மொத்தமாகக் கம்பியில் இறங்கும். இதழுக்குப் பட்டாணி அளவு உருண்டை, உள்ளங்கையில் தட்டி, ஓரத்தை மட்டும் பால் டூலால் (நுனியில் உருண்டை உள்ள கருவி) அழுத்தி மெலிதாக்குங்கள். அடிப்பாகம் தடிமனாகவே இருக்கட்டும், அங்கேதான் பசை பிடிக்கும். ஒட்ட பிவிஏ பசைதான், தண்ணீர் அல்ல. கம்பி துரு ஏறாததாக இருக்க வேண்டும், அல்லது பேப்பர் சுற்றிய பூக்கம்பி. சாதாரண இரும்புக் கம்பி ஈரத்தில் துருப்பிடித்து இதழின் அடியில் காவிக் கறையாக வெளியே வரும், மேலே எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் எட்டிப் பார்க்கும்.

*

பாட்டில் மேல் க்ளே வேலை செய்பவர்களுக்குச் சுருக்கமாக: கண்ணாடி சுருங்காது, க்ளே சுருங்கும். ஆகவே பாட்டிலை முழுசாக மூடினால் விரிசல் உறுதி, எந்தக் கம்பெனிச் சரக்காக இருந்தாலும். மூன்று வழி உண்டு. முழுக்க மூடாமல் பூ, இலை, கொடி என்று தனித்தனித் துண்டாக ஒட்டுவது ஒன்று. ஃபோம் க்ளே எடுப்பது இன்னொன்று. இல்லை, மூடித்தான் ஆக வேண்டும் என்றால், பாட்டிலை டிஷ்வாஷ் திரவத்தில் கழுவி எண்ணெய்ப்பசை போக்கி, பிவிஏ பசையில் டிஷ்யூ பேப்பரை ஒரு சுற்று ஒட்டிக் காயவிட்டு, அதன் மேல் 3 மி.மீ. க்ளே. விழுகிற விரிசலை இரண்டாம் சுற்றில் அடைப்பது என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடைப்பதற்கு: முழுசாகக் காய்ந்த பிறகு, விரிசலின் உதடுகளை மட்டும் பிரஷால் ஈரமாக்கி, க்ளே கூழில் சில சொட்டு பிவிஏ கலந்து பல்குச்சியால் உள்ளே தள்ளுங்கள். மேலே சற்று மேடாக விடுங்கள், அதுவும் சுருங்கும். காய்ந்ததும் தேய்த்துச் சமம் செய்யலாம். அகலமான விரிசலுக்கு ஒரே தடவையில் முடியாது, இரண்டு மூன்று முறை ஆகும்.

பலகையில் புடைப்புச் சிற்பம் என்றால் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகைக்கு இரண்டு பக்கமும் பசை பூசிக் காயவையுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் மற்றப் பக்கம் ஈரம் குடித்துப் பலகையே வில்லாக வளையும். கேன்வாஸை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், விரல் பட்டாலே அது அதிர்கிறது, மேலே உள்ள க்ளே சில்லு சில்லாக விடும். அதில்தான் வேண்டும் என்பவர்கள் பின்பக்கம் சட்டத்துக்குள் கெட்டி அட்டை வெட்டி ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

*

உப்புத்தாள்: 120 எண்ணில் மேடு பள்ளம் எடுத்து, 240, கடைசியில் 400. மாஸ்க் கட்டாயம், அந்தப் பொடி மூச்சுக்கு ஆகாது. தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது கல்பொடி க்ளேயில் மேல்தோலைக் கரைத்துவிடும். உள்வளைவுகளை மட்டும் பிழிந்த ஸ்பாஞ்சால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும்.

பெயிண்டுக்கு முன் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு ஒரு கோட், அல்லது பிவிஏயும் தண்ணீரும் சம அளவு கலந்து ஒரு கோட். ஜெஸ்ஸோ தேவையில்லை என்பவர்களும் உண்டு. அடர்த்தியான அக்ரிலிக் அடிப்பவருக்கு அது சரி. நீர்க்க அடித்தால் க்ளே உறிஞ்சித் திட்டுத் திட்டாக நிற்கும். வார்னிஷ் மெல்லிசாக இரண்டு மூன்று கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவில் டப்பாவில் போட்டிருக்கும் நேரம். அடிப்பாகத்தை மறக்காதீர்கள். மேலே மட்டும் பூசிய கிண்ணம் மேசையின் ஈரத்தை அடியில் குடித்து அங்கிருந்தே உப்பிக் கிளம்பும்.

எத்தனை கோட் அடித்தாலும் இது சுட்ட மண் ஆகாது. சாப்பாடு, குடிநீர், வெளித்தோட்டம் மூன்றுக்கும் வேண்டாம். பூச்சாடியில் உலர்பூ வையுங்கள், இல்லையென்றால் உள்ளே கண்ணாடிக் குழாய் இறக்கித் தண்ணீரை அதில் ஊற்றுங்கள். மெழுகுவத்தி ஸ்டாண்டுக்குள் நேரடியாகத் தீ கூடாது, முக்கியமாகக் காகிதக்கூழ் க்ளேயில். எல்.இ.டி. விளக்கு உத்தமம்.

*

ஃபிரிட்ஜ் மேக்னட் பற்றி விட்டுப்போனது: காந்தத்தை ஈர க்ளேயில் பதிக்க வேண்டாம், சுருங்கும்போது துருத்திக்கொண்டு வெளியே வரும். அதன் அளவுக்கு ஒரு மி.மீ. பெரிதாகப் பள்ளம் மட்டும் எடுத்துவிட்டு, காய்ந்தபின் இருகூறு எபாக்சியில் (இரண்டு பகுதியைக் கலந்து பூசும் பசை) ஒட்டுங்கள். தொங்கவிடும் துளையும் ஈரத்திலேயே ஸ்ட்ராவால் குத்த வேண்டும், ஓரத்திலிருந்து 8 மி.மீ.யாவது உள்ளே தள்ளி. காய்ந்த பிறகு துளையிட்டால் பின்பக்கம் சில்லு பெயரும்.

மீதி க்ளேயை க்ளிங் ராப்பில் இறுக்கிச் சுற்றி, ஜிப் கவரில் காற்றை வெளியேற்றி மூடுங்கள். ஓரம் இறுகியிருந்தால் தண்ணீரை ஸ்பிரே செய்து கவருக்குள்ளேயே ஒரு இரவு விட்டுப் பிசைந்தால் மீளும். காகிதக்கூழ் வகைக்கு ஃபிரிட்ஜ் நல்லது, அதுவும் ஒரு வாரத்துக்கு மேல் ஈரத் துணி சுற்றி வைக்காதீர்கள். புளித்த வாடை அடித்தால் தூக்கிப் போடுங்கள்.