புதுப்பிப்பு: புல்லட் பிரீதரில் ஆயில் கக்குவது நின்றது

என் பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350, பிரீதர் குழாய் (இன்ஜினுக்குள் அழுந்தும் காற்றை வெளியே விடும் குழாய்) வழியே ஆயில் கக்கிப் பின் டயரையே நனைக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது டயர் காய்ந்திருக்கிறது.

குழாய் முனையிலுள்ள ரப்பர் வால்வுதான் காரணம். வாத்து மூக்கு மாதிரி இருக்குமே, அதன் இரண்டு உதடுகளும் விறைத்து, மூடாமலே நின்றன. பிஸ்டன் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் சுமார் 346 சிசி காற்றைக் கீழே தள்ளுகிறது. 3000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 50 தடவை. அந்தக் காற்று வெளியே போகவேண்டும், திரும்பி வரக்கூடாது; அதைப் பார்த்துக்கொள்வதுதான் இந்த வால்வின் வேலை. புது ரப்பர் போட்டு, அகலமான குழாயாக மாற்றி, முனையை ஒரு டப்பாவுக்குள் விட்டிருக்கிறேன்.

குழாயையே அடைக்கச் சொன்ன நண்பர்களே, தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். உள்ளே சேரும் அழுத்தம், ஆயில் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல்களையும் கேஸ்கெட்டையும் தள்ளிக்கொண்டு வரும்.

பல நாள் நிறுத்திய வண்டி கிளப்பியதும் கொஞ்சம் கக்கினால் அது வேறு விஷயம்: தொட்டியிலுள்ள ஆயில், பம்ப் வழியாக கிராங்க் கேஸுக்குள் (பிஸ்டனுக்குக் கீழே உள்ள அறை) இறங்கியிருக்கும். சற்று ஓடவிட்ட பிறகே ஆயில் அளவு பாருங்கள், அவசரப்பட்டு ஊற்றவேண்டாம்.

டப்பாவில் வெள்ளையாகச் சேர்வது நீராவி கலந்த ஆயில். இன்ஜின் நன்றாகச் சூடாகும்படி நெடுந்தூரம் ஓட்டினால் குறையும்.